எங்கள் தெரு ஓகாவின் இங்கிலீஷ்

தொண்ணூறுகளில் ஆரணி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் தங்குதடையில்லாமல் இங்கிலீஷ் பேசக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பேசியது இங்கிலீஷே இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த நேரத்தில் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தார்.

ஊரில் வாத்தியார்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களெல்லாம் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மனசுக்குள் மூன்று தடவை எழுதி அழித்துவிட்டு, கடைசியில் தமிழிலேயே சொல்லிவிடுவார்கள். எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்காரர் அப்படியில்லை. வாயைத் திறந்தால் குழாய் உடைந்த மாதிரி கொட்டும்.

அவர் பெயர் ஓகா. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. எதிரில் வருகிறவர் பால்காரரோ, பேங்க் மேனேஜரோ, கைத்தடி ஊன்றிய கிழவரோ, யாராக இருந்தாலும் "ஓகா!" என்றுதான் கூப்பிடுவார். ஊரையே அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? அந்தப் பெயரை அவர் தலையிலேயே திருப்பிக் கட்டிவிட்டது.

நைஜீரியாவில் கடூனா என்ற ஊரில் ஒரு துணி மில்லில் ஃபிட்டராகப் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர் அவர். மில்லை மூடிவிட்டார்களாம். வரும்போது ஒரு பெரிய டேப் ரிக்கார்டர், கழுத்தில் பூ வேலை செய்த முழங்கால் வரை தொங்கும் சட்டைகள், இந்த இங்கிலீஷ், மூன்றையும் கொண்டுவந்தார். டேப் ரிக்கார்டர் ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது. சட்டைகளும் இங்கிலீஷும் நீடித்தன. பூத்துக்கு மஞ்சள் போர்டு மாட்டிய அன்று தெருவே கூடிற்று. என் அப்பா, கூலிக்குப் பட்டு நெய்கிறவர், தறிக்குழியிலிருந்து எழுந்து போய் மரியாதைக்குக் கேட்டார்.

"எப்டி கீறீங்கண்ணா? நல்லா கீறீங்களா?"

ஓகா தன் சட்டையை நெஞ்சுக்கு நேராக இரண்டு விரலால் பிடித்து, முன்னால் இழுத்துக் காட்டினார்.

"பாடி டே இன்சைட் க்ளாத், ஓகா!"

உடம்பு துணிக்குள்ளே இருக்கிறது. அதாவது, நான் சௌக்கியம். அப்பா அதை அவரிடமே அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, தறியில் உட்கார்ந்தபடியே சிலாகித்தார்.

"பார்த்தியா, வெள்ளைக்காரன் நம்ம தொழிலை வச்சிதான் சௌக்கியம் விசாரிக்கிறான். துணி இல்லனா அவனுக்கும் ஒன்னும் இல்ல!"

அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரை நலம் விசாரித்தாலும் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டுவது வழக்கமாயிற்று. பெண்கள் முந்தானையை இழுத்தார்கள். சட்டை போடாமல் தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் பனியனை இழுத்தார்கள். பனியனும் இல்லாதவர்கள் சிரித்து மழுப்பினார்கள்.

அவருடைய இன்னொரு வழக்கம் வெளியூர்க்காரர்களைப் பாடாய்ப் படுத்தும். பூத்தை விட்டு டீ குடிக்கக் கிளம்பும்போது "ஐ டே கம்!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். முள்ளிப்பட்டிலிருந்து போன் பண்ண வந்தவர்கள், வருகிறேன் என்கிறாரே, ஏன் போய்க்கொண்டே இருக்கிறார் என்று முழிப்பார்கள். எங்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. நாமும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "வரேன்" என்றுதானே சொல்கிறோம்? "போறேன்"னு சொன்னா வீட்டுல பெரியவங்க சும்மா விடுவாங்களா? இங்கிலீஷ்காரனுக்கும் நல்லது கெட்டது தெரிந்திருக்கிறது என்று தெரு ஏகமனதாக முடிவு செய்தது.

படவேட்டு ரேணுகாம்பாளிடமும் அவர் இதே இங்கிலீஷில்தான் பேசினார். "மமா, அபெக், அபெக்" என்று சன்னதியில் நின்று சத்தமாக வேண்டிக்கொள்வார். அம்மா, தயவு செய்து என்று அர்த்தம். பூசாரி ஒரு தடவை பொறுக்க மாட்டாமல், "தமிழ்ல வேண்டிக்கக் கூடாதாங்க?" என்று கேட்டாராம்.

"தமிழ்ல ஜனங்க லைன்ல நின்னுகினு கீறாங்க சாமி. இதுல நான் ஒருத்தன்தான். ஜல்தியா காதுல உழும்."

இனி சூரத் கதைக்கு வருகிறேன். பட்டுக்குச் சரிகை வேண்டும். சரிகை சூரத்திலிருந்து வர வேண்டும். அப்பா யாருக்கு நெய்தாரோ அந்தப் பட்டு முதலாளிக்கு இந்தி தெரியாது. சூரத் சேட்டுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆர்டர் கொடுக்க போனை எடுத்தால் இரண்டு பக்கமும் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். ஒரு தடவை வந்த சரிகை கறுத்துப்போயிருந்தது. முதலாளி பெட்டியோடு பூத்துக்கு ஓடிவந்தார். ஓகா ரிசீவரைக் கையில் வாங்கினார்.

"சேட்டு ஓகா! ஹவ் பாடி? ஹவ் ஃபேமிலி? ஹவ் பிக்கின்? ஹவ் மார்க்கெட்?"

பிக்கின் என்றால் பிள்ளைகள். சேட்டின் குடும்பம் முழுவதையும் விசாரித்து முடிக்காமல் அவர் காரியத்துக்கு வர மாட்டார். மீட்டர் ஓட ஓட முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

"திஸ் சரிகை யூ சென்ட், ஹி டோன் ப்ளாக்! ப்ளாக் லைக் சார்க்கோல்! அபெக், சென்ட் நியூ ஒன். ஜல்தி, ஜல்தி! இஃப் நாட், பிக் வகாலா!"

வகாலா என்றால் தொல்லை, பேஜார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு சேட்டு சொன்னார்: "நோ வகாலா, பாய். நோ வகாலா."

புதுச் சரிகை வந்து இறங்கியது. அன்றிலிருந்து ஆரணி முதலாளிகள் அத்தனை பேரும் ஓகாவை வைத்துத்தான் சூரத்தோடு பேசினார்கள். சில வருஷங்களில் சூரத்திலிருந்து யார் போன் செய்தாலும் முதல் வார்த்தை "நோ வகாலா" என்றே வர ஆரம்பித்தது. "சூரத்காரனுக்கே நம்மாளு இங்கிலீஷ் கத்துக் குடுத்துட்டாருய்யா" என்று எங்கள் ஊர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது.

ஒரு சமயம் வெள்ளைக்காரத் தம்பதி தறி பார்க்க வந்தார்கள். ஓகாதான் விளக்கினார். பட்டுக்கூட்டைக் கையில் தூக்கிப் பிடித்து, "யூ சீ ஆம்? நா வார்ம் வாமிட் ஆம்! ஹியூமன் பீயிங் வேர் ஆம்!" என்றார். புழு கக்கியது, மனுஷன் உடுத்துகிறான். அதைவிடச் சுருக்கமாகப் பட்டைப் பற்றி இன்றுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் இருவரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். "வெள்ளைக்காரனுக்கே வாய் அடைச்சிப்போச்சி பாரு" என்று அப்பா பூரித்துப்போனார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெருமையாகவே சொல்கிறேன், பெருமைப்படத்தக்க காரியம்தான். அதுவும் இங்கிலீஷ் இலக்கியம். பாடப்புத்தகத்தில் இருந்த இங்கிலீஷும் எதிர்வீட்டு பூத்தில் கேட்ட இங்கிலீஷும் ஒன்றுபோல் இல்லை என்று எனக்குப் பள்ளியிலேயே பட்டது. ஆனால் புத்தகத்து இங்கிலீஷில் ஒருவரும் சிரித்ததை நான் பார்த்ததில்லை. ஓகா சிரித்தார். அதுவும் சண்டேவோடு பேசும்போது.

சண்டே என்பது கிழமை இல்லை, ஆள். கடூனா மில்லில் ஓகாவின் பக்கத்து மெஷின்காரர். காய்ச்சலில் ஓகா நினைவில்லாமல் கிடந்தபோது முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். மாதத்துக்கு ஒரு தடவையாவது, அவர் ஊரிலிருந்த ஒரு போன் கடைக்கு ஓகா பேசுவார். பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்தவே மாட்டார். தெரு முழுக்கக் கேட்கும். "சண்டே! மை பிரதர்! ஹவ் பாடி?" என்று ஆரம்பித்து, தொடையில் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, கடைசியில் "ஐ டே கம்! ஐ டே கம்!" என்று இரண்டு பக்கமும் கத்திவிட்டு வைப்பார்கள். கண்டங்களுக்கு நடுவில் கடலே கிடந்தாலும், இருவரும் பக்கத்துத் தெருவுக்கு டீ குடிக்கப் போகிறவர்கள் மாதிரிதான் விடைபெறுவார்கள். தமிழில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. தமிழில் அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம்.

அவருக்கு ஒரே பெண், தேவகி. என் வகுப்புத் தோழி. மனைவி முன்னமே காலமாகிவிட்டதால் அப்பாவும் பெண்ணும்தான். கல்லூரி முடிந்ததும் தேவகிக்குச் சென்னையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் சாஃப்ட்வேர், அமெரிக்கா போகப்போகிறவன். தேவகிக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. ஓகாவுக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிலீஷ் தெரிந்த சம்பந்தி கிடைக்கிறார்களே! இத்தனை வருஷம் சேட்டோடும் மேனேஜரோடும் பேசிப் பழகியதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான் என்பதுபோல், பூ வேலை செய்த சட்டையில் நல்லதாக ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் பையனின் அத்தை. சென்னையில் ஏதோ ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தின் ஹெட்மிஸ்ட்ரஸ். அவர் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாலே நமக்கு ஹோம்வொர்க் முடிக்காத ஞாபகம் வரும்.

"யூ ஆர் வெல்கம், ஓகா! வெல்கம், மேடம்! மேக் உனா சிடௌன்! வெட்டின் உனா கோ சாப்?"

எல்லோரும் உட்காருங்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பொருள். கேசரித் தட்டோடு நின்ற எனக்கு அது புரிந்தது. அத்தைக்குப் புரியவில்லை.

"சாப்பா? எந்த சாப்? இவர் என்ன பாஷை பேசுறார்?"

கூடவே நின்ற என் அப்பா பெருமையோடு முன்னால் வந்தார்.

"இங்கிலீஷுங்க!"

அத்தை சிரித்தார். வாய்விட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும்படி சிரித்தார். பையனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். ஓகாவும், ஏதோ நல்ல ஜோக் என்று நினைத்து, சேர்ந்து சிரித்தார். உள்ளே கதவோரம் பட்டுப்புடவையில் நின்றிருந்த தேவகி மட்டும் சிரிக்கவில்லை. அவள் காது சிவந்துபோயிருந்தது.

பெண் பிடித்துவிட்டது. சீர்வரிசை பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை, நல்ல மனுஷர்கள்தான். கிளம்பும்போது அத்தை தேவகியைத் தனியாகக் கூப்பிட்டு, கன்னத்தைத் தடவி, ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா. கல்யாணத்துக்கு என் ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் வருவாங்க. உங்கப்பா அன்னிக்கு இங்கிலீஷ் மட்டும் பேசாம இருந்தா போதும்."

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். தேவகி அழுதுகொண்டே சொன்னாள். ஓகா பூ வேலை சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, எனக்காக. கல்யாணம் முடியற வரைக்கும். ஒரு வார்த்தை கூட வேணாம் நைனா. நீங்க பேசறது... அது இங்கிலீஷ் இல்லையாம்."

"இல்லையா?"

"தப்புத் தப்பா கீதாம்."

ஓகா சட்டையின் மடிப்பை உள்ளங்கையால் நீவினார்.

"நோ வ..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். "சரிம்மா. பேசல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவரை மாதிரி ஆளைப் பார்க்க முடியாது. கல்யாணத்தன்று பேசாமல் இருந்தால் போதும். இவர் அன்றே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார். மறுநாள் காலை அப்பா, "ஹவ் பாடி, ஓகா?" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விசாரித்தபோது, "நல்லா இருக்கேங்க" என்றார். அப்பா பதறிப்போய் வீட்டுக்கு வந்தார். "ஓகாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?" சூரத்திலிருந்து போன் வந்தால், "நீங்களே பேசிடுங்க" என்று ரிசீவரை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். சண்டேவின் போன் வந்த அன்று கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அந்தக் கதவைச் சாத்த முடியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. வெளியே ஒரு சத்தமும் வரவில்லை.

கல்யாணம் ஆரணியிலேயே, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மண்டபத்தில். வாசல் மேஜையில் பன்னீர் சொம்போடு நான். உள்ளே முதல் வரிசையில் அத்தையும், அத்தையின் பள்ளிக்கூடம் முழுவதும். ஓகா பட்டு வேட்டி, பட்டுச் சட்டையில், வாயை ஊசி நூல் கொண்டு தைத்தாற்போல் மூடிக்கொண்டு, எல்லோரையும் கும்பிட்டபடி நின்றார்.

முதலில் சூரத் சேட்டு வந்தார். பத்திரிகை அனுப்பினால் ஆளே வந்துவிடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தவர் நேராக அத்தையிடம் போய்க் கும்பிட்டு, "நோ வகாலா, மேடம்! நோ வகாலா!" என்றார். அத்தை பின்னால் நகர்ந்தார். சேட்டு மார்பைத் தட்டிக்கொண்டார். "ஐ டமில் ஸ்பீக்கிங்! டென் இயர், ஐ டமில் ஸ்பீக்கிங்!"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் அதை இங்கிலீஷ் என்று நினைத்தோம். சேட்டு பத்து வருஷமாக அதைத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சிரித்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தில் பூ வேலை செய்த நீலச் சட்டை. ஓகா மடித்து வைத்த சட்டையின் அண்ணன் மாதிரி இருந்தது. என்னிடம் வந்து கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தன் அண்ணனை வைத்தியத்துக்காக வேலூருக்கு அழைத்து வந்திருந்த சண்டே, போனில் ஓகா சொல்லியிருந்த கல்யாண விவரத்தை வைத்துக்கொண்டு, நண்பனுக்குத் தெரியாமல் திடுக்கென்று போய் நிற்க வேண்டும் என்று பஸ் பிடித்து வந்திருந்தார்.

"மை பிரதர்!" என்று மண்டபம் அதிரக் கூப்பிட்டு, இரண்டு கைகளையும் விரித்தார். "ஹவ் பாடி?"

ஓகாவின் முகத்தை நான் பார்த்தேன். கண் இரண்டும் தளும்பி நின்றன. வலது கை தானாக மேலே எழும்பி, சட்டையின் நெஞ்சுப் பக்கத்துக்குப் போயிற்று. பாதி வழியில் முதல் வரிசையைப் பார்த்தார். அத்தை மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தார். கை கீழே இறங்கிற்று. பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து கும்பிட்டன.

"வாங்க. வாங்க. சாப்பிட்டுட்டுதான் போகணும்."

சண்டே முதலில் விளையாட்டு என்று நினைத்துப் பலமாகச் சிரித்தார். மறுபடி ஏதோ கேட்டார். "உக்காருங்க" என்றார் ஓகா. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார வைத்தார். பந்தியில் அவரே இலை போட்டார். மாப்பிள்ளையைக்கூட அப்படிக் கவனித்திருக்க மாட்டார். இரண்டாவது ஜாங்கிரியைத் தன் கையால் எடுத்து வைத்தார். எல்லாம் தமிழில். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வேன் ஏறிவிடுவார்கள்; அப்புறம் விடிய விடியப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் கணக்கு. அதை சண்டேவிடம் சொல்வதற்குத்தான் அவருக்குப் பாஷை இல்லாமல் போயிற்று.

சண்டேவுக்குக் கிடைத்த ஒரே பேச்சுத் துணை சேட்டு. "வெட்டின் டூ மை பிரதர்? ஹி நோ டே டாக்!" என்று, நண்பர் ஏன் தன்னோடு பேச மாட்டேன் என்கிறார் என்று புரியாமல் சண்டே கேட்க, "நோ வகாலா, பாய், நோ வகாலா" என்று சேட்டு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஒருவர் தன் ஊர்ப் பேச்சு பேசுவதாகவும், மற்றவர் தமிழ் பேசுவதாகவும் நினைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த வார்த்தையைப் பொதுவாக்கிய மனுஷன், ரசச் சொம்போடு எதிரில் வாய் பேசாமல் நின்றார்.

சாப்பிட்டதும் சண்டே மேடைக்குப் போய் தேவகியிடம் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொடுத்தார். குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"யுவர் பாப்பா வெக்ஸ் ஃபார் மீ?"

உன் அப்பாவுக்கு என் மேல் கோபமா? ஓகாவின் மடியில் வளர்ந்த பெண்ணுக்கு அது புரியாமல் போகுமா? பதில் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள், "இங்க பாரும்மா, சிரி" என்று போட்டோக்காரர் வெளிச்சத்தை அடித்தார். கண்ணைத் திறந்தபோது சண்டே கீழே இறங்கிவிட்டிருந்தார்.

பந்தி வாசலில் ஓகாவின் கையைப் பிடித்துக்கொண்டு சண்டே கொஞ்ச நேரம் நின்றார். ஆஸ்பத்திரியில் அண்ணன் தனியாக இருப்பதாகச் சொன்னார். ஓகா அவர் கையை விடாமல், "இருங்க, இருங்க" என்று தமிழில் கெஞ்சினார். சுற்றிலும் சம்பந்தி வீட்டு ஆட்கள். யாரோ "அப்பளம் எங்கங்க?" என்று ஓகாவின் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள்.

"ஐ டே கோ, ஓகா," என்றார் சண்டே.

பன்னீர் மேஜையில் நின்ற எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லி விடைபெற்றதில்லை.

மேடையிலிருந்து தேவகி என்னைக் கை காட்டிக் கூப்பிட்டாள். ஓடினேன்.

"ஏய், நைனாகிட்ட போய்ச் சொல்லுடி. பேசச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. எவ இன்னா நெனச்சா எனக்கென்ன? ஓடுடி!"

பந்தியில் அப்பளக் கூடையோடு நின்ற ஓகாவின் காதில் போய்ச் சொன்னேன். அவர் கூடையை என் கையில் வைத்தார். பெண்ணைப் பெற்றவர், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், மண்டபத்தை விட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார். பின்னால் நான், அப்பளக் கூடையோடு.

"சண்டே! சண்டே! வெயிட்! ஐ டே கம்! சண்டே!"

பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு வெள்ளிக்கெழமைதாங்க" என்றார்.

வேலூர் பஸ் போய்விட்டிருந்தது. அது கிளப்பிவிட்டுப்போன புழுதியில் நின்றபடி ஓகா என்னென்னவோ சொன்னார். அத்தனையும் அவருடைய இங்கிலீஷில். அத்தை கேட்கவில்லை, அவருடைய டீச்சர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவரும் கேட்கவில்லை. அதுதான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி இங்கிலீஷ்.

மறுநாள் வேலூருக்குப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தார். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் சண்டே என்று மட்டும் சொல்லி யாரைக் கண்டுபிடிக்க முடியும்? கடூனா போன் கடைக்குப் பல தடவை அடித்துப் பார்த்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் நல்ல இங்கிலீஷில் சொன்னது.

நான் மேற்படிப்பையும் முடித்துச் சென்னையில் ஒரு துணி ஏற்றுமதி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் நைஜீரியாவின் லாகோஸிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போனில் பேசினார். சரக்கு தாமதமாகும் என்று பயந்து பயந்து சொன்னேன். "நோ வகாலா, மை சிஸ்டர்" என்றார் அவர். என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது தப்பு இங்கிலீஷ் இல்லை. அது இன்னொரு பாஷை. இங்கிலீஷின் சொற்களை எடுத்துக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. கோடிக்கணக்கான பேர் அதில் சண்டை போடுகிறார்கள், காதலிக்கிறார்கள், பாட்டு எழுதுகிறார்கள். எங்கள் ஓகா அதைச் சுத்தமாகப் பேசினார், ஜல்தியைத் தவிர.

கடைசியாக, ஓகா என்றால் என்ன என்றும் அந்த லாகோஸ்காரரிடம் கேட்டேன். முதலாளி என்றார்.

ஊருக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"முதலாளியா? என்னையா?"

"உன்னியதாம்பா. எல்லாரையும்தான்."

"அடப்பாவி மனுஷா," என்றார் அப்பா. "முன்னாடியே சொல்லியிருந்தா, கூப்பிடறப்ப கொஞ்சம் நெஞ்சை நிமித்திகினு நின்னிருப்பேனே."

பூத் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடையாகிவிட்டது. கண்ணாடிக் கதவைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அந்தக் கடைக்கே ஓகாவைப் பார்க்கப் போனேன். "வாம்மா, உக்காரு" என்று ஸ்டூலைத் தள்ளினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அமெரிக்காவிலிருந்து தேவகியின் போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். தேவகிக்கு அங்கே பக்கத்து வீட்டில் ஒரு நைஜீரியாக்காரக் குடும்பம். அவர்களிடம் கேட்டுக் கேட்டு, சின்ன வயசில் காதில் விழுந்ததையெல்லாம் தூசு தட்டி எடுத்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் முதலில் அதைத்தான் கேட்பாளாம்.

"நைனா! ஹவ் பாடி?"

ஓகா போனைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கேம்மா," என்றார். "குழந்தை சாப்பிட்டுதா?"

பிறகு மாப்பிள்ளையைப் பற்றி, அங்கே பெய்யும் பனியைப் பற்றி, கேசரிக்கு எவ்வளவு நெய் என்பது பற்றிப் பேசினார்கள். அவளும் மறுபடி கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அவர் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் இருப்பதை மறந்திருக்க வேண்டும். அவருடைய வலது கை மெதுவாக மேலே வந்தது. நெஞ்சுக்கு நேராகச் சட்டையை இரண்டு விரலால் பிடித்து, முன்னால் லேசாக இழுத்து விட்டது.

நான் எழுந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தபோது, என் துப்பட்டாவை இரண்டு விரலால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன்.

"வரேன், ஓகா."